ஃபேமிலி பிளான் கலைந்தபோது ப்ரீபெய்டுக்கு மாறினேன்

அமெரிக்காவுக்குப் படிக்க வந்த வருடம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஒரே கணக்கில் பல மொபைல் லைன்கள் வரும் ஃபேமிலி பிளான் ஒன்றைப் போட்டோம். இங்கே நம் பையன்கள் பெரும்பாலும் செய்வதுதான். லைன் கூடக் கூட ஆளுக்கு விழும் பங்கு குறையும். கணக்கு ஒரு நண்பன் பெயரில், மாதாமாதம் அவனுக்குப் பணம் அனுப்பிவிடுவோம். பிறகு இரண்டு பேர் ஊர் திரும்பினார்கள், ஒருவன் கல்யாணமாகி மனைவியின் பிளானில் சேர்ந்துகொண்டான். மிஞ்சியது கணக்குக்கார நண்பனும் நானும். என் பங்கு இரட்டிப்பானது. போன மார்ச்சில் அவனும் சொன்னான்: "மச்சான், அடுத்த மாசம் நானும் கிளம்பறேன்டா."

தனி லைனுக்கு அதே கம்பெனியில் கேட்டேன். எல்லாம் சேர்த்து 80 டாலருக்கு மேல் வந்தது. பழைய பில்லை அன்றுதான் முழுதாகப் படித்தேன். வரிகளுக்கு நடுவே 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' கட்டணம் என்று ஒன்று. பார்த்தால் அரசாங்கம் வாங்குவது போல இருக்கும், ஆனால் போவது கம்பெனிக்குத்தான். அன்லிமிடெட் பிளானில் நான் செலவழித்த டேட்டாவோ எந்த மாதமும் 4 ஜிபியைத் தாண்டவில்லை. வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை இருக்கிறது, வேறெங்கே போகிறேன்?

மலிவு ப்ரீபெய்டு என்றால் சிக்னல் கிடைக்காது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் 2020-ல் ஸ்பிரிண்ட் என்ற கம்பெனியை டி-மொபைல் சேர்த்துக்கொண்ட பிறகு, இந்த மலிவு கம்பெனிகளில் அநேகமாக எல்லாமே ஓடுவது வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் ஆகிய மூன்று பெரிய கம்பெனிகளின் டவர்களில்தான். பல மலிவு பிராண்டுகளுக்கு முதலாளியும் அவர்களே. கிரிக்கெட் என்ற பிராண்டு ஏடி அண்ட் டி-யுடையது, விசிபிள் வெரைசனுடையது, மின்ட் 2024-ல் டி-மொபைல் கைக்குப் போனது. வித்தியாசம் பந்தியில்தான். டவரில் கூட்டம் சேர்ந்தால் போஸ்ட்பெய்டுக்காரர்களுக்கு முதல் பந்தி, மலிவு பிளான்களில் பலவற்றுக்கு இரண்டாம் பந்தி. சாப்பாடு ஒன்றுதான், கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

முதல் வேலை, வேறு கம்பெனி சிம்மும் வேலை செய்யும்படி ஃபோனை அன்லாக் செய்வது. தவணையில் வாங்கியது என்பதால் மீதி 140 டாலரையும் கட்டினால்தான் பூட்டு திறக்கும். கட்டி இரண்டு நாள் கழித்து, செட்டிங்ஸில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று வந்தது. பிறகு ஒரு கம்பெனியின் இலவச டிரையல் இ-சிம்மை (கார்டு இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதியும் சிம்) போட்டு, பழைய லைனையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். எங்கள் அபார்ட்மென்ட்டின் அடித்தளப் பார்க்கிங்கில் மட்டும் சிக்னல் இல்லை. பழையதிலும் அங்கே கிடைத்ததில்லை.

அந்தக் கம்பெனியின் விளம்பரத்தில் மாதம் 15 டாலர் என்று போட்டிருந்தார்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாக முன்னாலேயே கட்ட வேண்டும், வரி தனி. நான்காம் மாதத்திலிருந்தும் அதே விலை வேண்டுமானால் ஒரு வருடத்துக்குக் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கே போட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நண்பன் ஃபோன் செய்தான். "வெள்ளிக்கிழமை ஃப்ளைட். நாளைக்கே ரெண்டு லைனையும் கேன்சல் பண்ணிடறேன்டா."

"டேய், என்னுதைத் தொடாதே! கேன்சல் பண்ணா நம்பரே போயிடும். நான் நம்பரைப் புதுக் கம்பெனிக்கு போர்ட் பண்ணினா பழைய லைன் தானா மூடிக்கும்."

ஆறு வருட நம்பர். பேங்க், விசா வக்கீல், ஆபீஸ் என்று எல்லாம் அதில்தான். ஆனால் போர்ட் செய்யத் தேவையான அக்கவுண்ட் நம்பரும் டிரான்ஸ்ஃபர் பின் நம்பரும் என்னால் எடுக்க முடியாது, கணக்குக்காரன்தான் எடுக்க முடியும். திருட்டுத்தனமாக நம்பரை மாற்றிவிடாமல் இருக்கப் போட்டிருக்கும் லைன் லாக்கையும் அவன்தான் எடுத்துவிட வேண்டும். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவனைப் பிடித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் வாங்கினேன்.

புதன் காலை போர்ட் போட்டேன். நிராகரிப்பு. மறுபடி போட்டேன். மறுபடி நிராகரிப்பு. சாட்டில் வந்தவர் "தகவல் பொருந்தவில்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: ஜிப் கோடு, நம்ம ஊர் பின்கோடு மாதிரி! நான் என் வீட்டு ஜிப் கோடைக் கொடுத்திருக்கிறேன். பில் போவது அவன் வீட்டுக்கு. மாற்றிப் போட்டதும் இருபது நிமிடத்தில் பழைய லைன் செத்து, புதியதில் சிக்னல் வந்தது. பேங்க் ஓடிபி மட்டும் சாயந்திரம் வரை வரவில்லை. பழைய வாய்ஸ்மெயில்கள் எல்லாம் போய்விட்டன. அப்பா ஒருமுறை பேசி வைத்திருந்ததைச் சேமிக்கத் தோன்றவில்லையே என்று இருக்கிறது.

இப்போதெல்லாம் சாயந்திரம் ஆறு மணிக்கு ரயில் நிலையத்தில் மேப் திறக்கத் திணறுகிறது. இரண்டாம் பந்தி. ரயில் கிளம்பியதும் சரியாகிவிடும்.

நண்பன் சென்னை போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் கடைசி பில்லை அனுப்பினான். பாதி மாதத்திலேயே போன என் லைனுக்கும் முழு மாதக் கட்டணம் போட்டிருந்தார்கள். கீழே ஒரு வரி: "உன் பங்கை அனுப்பு மச்சான், இதுதான் லாஸ்ட்."