குழிநரியும் குழியானையும்

மார்கழி கடைசியில் கொல்லங்கோட்டுப் பக்கம் போகிறவர்கள் ஒரு துண்டு கட்டிக்கொண்டு போவது நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அப்போது கிழக்கிலிருந்து மேற்கே காற்று வீசும். ஆடியில் நம்மைத் தள்ளுகிற காற்றுக்கு நேர் எதிர்த்திசை. அந்தப் பக்கத்து மலையாளிகள் இதைத் திருவாதிரைக் காற்று என்பார்கள். பொள்ளாச்சியில் பஸ் ஏறி, அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றைத் தாண்டி, கேரள எல்லையில் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் இறங்கும்வரை அது முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. இடது பக்கம் மலை கூடவே வந்தது. முதலமடை எல்லையில் நுழைந்ததும் மாம்பூ வாசம். இங்கே மா சீக்கிரமே பூத்து, மற்ற ஊர்களுக்கு முன்னால் காய் சந்தைக்குப் போய்விடும்.

ஒரு மாந்தோப்பில் சனி, ஞாயிறு இரண்டு நாள் முகாம். ஆசிரியர்கள் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் எங்கள் பக்கம், மீதிப் பேர் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள். பிள்ளைகளை வெளியே விட்டு விளையாட வைப்பது, மண்ணையும் மரத்தையும் வைத்தே பாடம் நடத்துவது, இதுதான் விஷயம். நான் எடுப்பது மூன்றாம் வகுப்பு.

முதல் நாள் காலை தென்னை மட்டை, கயிறு, சாக்கு, பலகை, பாக்கு மட்டை எல்லாவற்றையும் நடுவில் கொட்டிவிட்டு, வழிநடத்திய அக்கா மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். "என்ன செய்யணுங்க?" என்று கேட்டோம். பதில் இல்லை. பத்து நிமிஷம் சும்மா நின்றோம். சொல்லாமல் எதையும் தொடக்கூடாது என்று நாமே பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம், நாமும் அப்படித்தான் ஆகியிருக்கிறோம். பிறகு கொழிஞ்சாம்பாறை டீச்சர் ஒருவர் வேலியோரப் பூவரசிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிச் சுருட்டிப் பீப்பீ ஊதினார். அவ்வளவுதான். ஓய்வுபெற ஒரு வருஷமே இருக்கிற சார் பாக்கு மட்டையில் உட்கார, இரண்டு பேர் தோப்பு முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்கா எம்ட்ரப் கதையைச் சொன்னார். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பக்கத்து ஊர். கட்டி வைத்த பூங்காக்களைவிடக் கட்டுமான இடங்களில் கிடக்கும் பலகையிலும் கல்லிலும்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று கவனித்த சோரன்சன் என்ற தோட்டக் கலைஞரின் யோசனைப்படி, 1943இல் அங்கே ஓட்டை உடைசல்களால் ஆன விளையாட்டிடம் ஒன்றைத் திறந்தார்கள். நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த சமயம் அது.

மத்தியானம் மரம் ஏறுவது. எனக்குக் கை வியர்த்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிப் புளியமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. அன்றைக்கு மைதானத்தைப் பார்த்துக்கொண்டது நான். அவன் அப்பா வந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை, என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கீழ்க்கிளைகளை வெட்டினார்கள். நானும் சரி என்றேன். அதிலிருந்து எங்கள் பள்ளியில் "ஏறாதே, ஓடாதே" என்று அதிகம் கத்துகிறவள் நான்தான்.

அக்கா சொன்ன முறை எளிமையானது. காலையில் பிள்ளைகள் வருமுன் இடத்தைச் சுற்றி வரணும்: காய்ந்து தொங்கும் கிளை, குளவிக்கூடு, கண்ணாடிச் சில்லு, பொந்து, செந்தட்டி. ஏறும்போது இரண்டு கை, இரண்டு கால் இந்த நாலில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்கணும், ஒன்றுதான் நகரணும். அப்புறம் ஒன்று: எந்தப் பிள்ளையையும் தூக்கிக் கிளையில் உட்கார வைக்கக் கூடாது. தானே ஏறியவனுக்கு இறங்கும் வழியும் பெரும்பாலும் கையிலேயே இருக்கும், தூக்கிவிடப்பட்டவனுக்கு இருக்காது.

அதைக் கேட்டதும் எனக்கு அந்த நாள் திரும்ப வந்தது. அன்றைக்கு அவனை ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டிருந்தார்கள். ஒன்பது வருஷமாக மரத்தைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மாமரத்தில் ஏறி முதல் கவட்டையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு முழம் தரை. அரை மணி நேரம் அதை மட்டும் பார்க்கணும், யாரோடும் பேசக் கூடாது. எனக்குக் கிடைத்தது களத்து ஓட்டுச் சரிவுக்குக் கீழே, மழை படாத பொடிமண். அதில் புனல் போலச் சின்னச் சின்னக் குழிகள். கட்டெறும்பு ஒன்று விளிம்பில் வழுக்கியது, ஏறப் பார்த்தது, மண் சரிந்தது. அடியிலிருந்து மண் தெறித்தது. ஒரு தரம், இன்னொரு தரம். எறும்பு அடிக்கு வந்ததும் இரண்டு கொடுக்குகள் அதைக் கவ்வி உள்ளே இழுத்தன. நான் குனிந்த இடத்திலேயே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வெற்றுக் கூடு வெளியே எறியப்பட்டது, சாறு மட்டும் உறிஞ்சியாகிவிட்டது.

தோப்புக்காரர் தாத்தா பக்கத்தில் வந்து குந்தினார். "அது குழியானை அம்மிணி," என்றார். எங்கள் ஊரில் குழிநரி. எல்லைக்கு அந்தப் பக்கம் நரி, இந்தப் பக்கம் ஆனை. அவர் ஒன்றை மண்ணோடு அள்ளி என் உள்ளங்கையில் விட்டார். சாம்பல் நிறம், மொச்சைக்கொட்டையில் பாதி இருக்கும். முன்னால் போகவே இல்லை, பின்பக்கமாகவே ஊர்ந்து விரலிடுக்கில் புகப் பார்த்தது. இது புழுப் பருவம்தான், பிற்பாடு மண்ணில் உருண்டையாகக் கூடு கட்டி, தட்டானைப் போல மெல்லிய இறக்கையோடு வெளியே வரும் என்பதை அக்கா அரை மணி நேரம் முடிந்த பிறகே சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்திருப்பேன். வகுப்பில் நான் செய்வது அதுதான்: பிள்ளை குனிவதற்குள் பெயரைச் சொல்லி, படம் காட்டி, கேள்வி கேட்டு முடித்துவிடுவேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கே பள்ளிக்குப் போய் ஒரு சுற்று வந்தேன். சத்துணவுக்கூடத்துப் பின்சுவரோரம் பதினோரு குழி. இடைவேளையில் அங்கே போய்க் குந்தினேன். இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் ஆறு பேர்.

"என்ன டீச்சர் பாக்கறீங்க?"

"உக்காந்து பாரு."

மணி அடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் அதைக் கையில் எடுத்து, அது ஊர்வதைப் பார்த்துவிட்டு, "ரிவர்ஸ் வண்டி!" என்று கத்தினான். மத்தியானத்துக்குள் மூன்றாம் வகுப்பு முழுக்க அதற்கு அதுதான் பெயர்.