மணிக்கணக்கில் 1914 ஜூலை: நோட்டு எங்கே வந்து நிற்கிறது

துப்பறியும் கதை படிக்கும்போது, யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று குறித்துக்கொண்டே போவது என் வழக்கம். வெளியுறவு அலுவலகத்தில் நகலெடுக்கும்போதே ரகசிய ஒப்பந்தம் மாயமாகும் ஹோம்ஸ் கதைதான் (1893) என்னைத் தூதரக வரலாற்றுப் பக்கம் இழுத்தது. இப்போது அதே நோட்டில் முதல் உலகப் போர் மூண்ட வாரங்கள் ஓடுகின்றன.

1914 ஜூன் 28, சரயேவோ. ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் அங்கேயே பிடிபட்டுவிட்டார். ஒரு கொலை எப்படிப் போரானது என்பதில்தான் துப்பு துலக்க வேண்டியிருக்கிறது. தேதியும் மணியும், யார் யாருக்கு எழுதியது, அது போய்ச் சேரும்போது நிலைமை என்ன என்று மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜூலை 23 அன்று மாலை 6 மணிக்கு, கொலைக்குச் செர்பியாவைப் பொறுப்பாக்கி 48 மணி நேரக் கெடு வைத்த ஆஸ்திரியக் கடிதம் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் கொடுக்கப்பட்டது. 5 மணிக்குக் கொடுக்க இருந்ததைத் தள்ளிவைத்தார்கள். ரஷ்யா வந்திருந்த பிரெஞ்சு அதிபர் புவான்காரே அன்றிரவுதான் கப்பலேறுகிறார். அவர் கடலுக்குள் போன பிறகே சேதி ரஷ்யாவுக்கு எட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கணக்கு!

ஜூலை 28 பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். செர்பியாவின் பதிலைக் காலையில் படித்த ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று எழுதுகிறார். முற்பகலில் ஆஸ்திரியா தந்தியிலேயே போர் அறிவித்துவிடுகிறது. ஜெர்மன் பிரதமர் பெத்மான் ஹோல்வெக் பேரரசரின் யோசனையை இரவு 10 மணிக்கு மேல்தான் வியன்னாவுக்கு அனுப்புகிறார், அதுவும் அந்த முக்கியமான வரியை விட்டுவிட்டு. எல்லோரும் தெரியாமல் போரில் விழுந்தார்கள் என்ற பேச்சை இதற்கு மேல் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது கையில் இருப்பவை அந்தந்த அரசு தன் ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட வண்ணப் புத்தகங்கள்: பிரிட்டனுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பிரான்ஸுக்கு மஞ்சள். சாட்சி எதைச் சொல்லாமல் விட்டார் என்று பார்க்கும் பழக்கம் இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது. ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டதைச் சொல்லும் பிரெஞ்சுத் தூதரின் தந்தி அசலில் ஒரே வரி. மஞ்சள் புத்தகத்தில் அது நீண்டு, ஆஸ்திரியா திரட்டியதால்தான் ரஷ்யாவும் திரட்டியது என்று ஆகிவிட்டது. ரஷ்ய உத்தரவு ஜூலை 30, ஆஸ்திரிய உத்தரவு 31. அடுத்து ரஷ்யாவின் ஆரஞ்சுப் புத்தகத்தை இதே மணிகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.