வண்டி வரும்வரை

நவம்பர் 12
காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. புதிது விச்சிட்டாவிலிருந்து வர வேண்டுமாம்.

நவம்பர் 13
இவர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு நடந்தே போகிறார். இந்த ஊரில் யாராவது நடந்து போனாலே ஏதோ ஆபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

நவம்பர் 16
அம்மா ஃபோனில் அழுகிறாள். "ஒரு ஆட்டோ கூடவாடி கிடைக்காது?" மேற்குக் கன்சாஸை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? மைலுக்கு ஒரு சாலை, கட்டம் போட்ட மாதிரி நேர்நேராக. எதிலும் பஸ் ஓடாது. கவுண்டி (மாவட்டம் மாதிரி) நடத்தும் வேன் ஒன்று உண்டு, முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். ராத்திரி கிடையாது, சனி ஞாயிறு கிடையாது. பிரசவ வலி அதையெல்லாம் பார்த்தா வரும்? சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ரயில் கார்டன் சிட்டியில் நிற்கும். அந்த ஸ்டேஷனுக்குப் போகவே கார் வேண்டும். எனக்குப் பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியும் அங்கேதான், 50 மைலுக்கு மேல். இவர் வேலை பார்க்கும் இடத்தில் பிரசவ வார்டே இல்லை. டாக்டர் வீட்டிலேயே இருந்தும் என்ன பயன்?

நவம்பர் 17
பால் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 19
பக்கத்து வீட்டம்மா தன் பிக்கப்பில் கடைக்குக் கூட்டிப்போனார். இது மான்கள் குறுக்கே பாயும் மாதம், அந்தி நேரம்தான் மோசம். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்து வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இங்கே 65 தாண்டியவர்கள் 4 வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண் பரிசோதனை உண்டு. அவருக்கு அடுத்த வாரம். தேறாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு டென்வரில் மகனோடு போய் இருக்க வேண்டியதுதான் என்றார். பிறந்த ஊர், புருஷனைப் புதைத்த ஊர். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பையனுக்கு 14 வயதிலேயே பண்ணை வேலைக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இந்தம்மா மட்டும் எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரியவில்லை என்பதற்காக ஊரை விட்டே போவதா? எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவர் கண் சரியில்லை என்பதும் உண்மைதான். ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 21
ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்கிறார் இவர். ஓட்டுகிறவர்கள் தன்னார்வலர்கள், வயலிலிருந்து கிளம்பி வர வேண்டும். அது என்னோடு கார்டன் சிட்டிக்குப் போய்விட்டால், அந்த நேரம் இங்கே யாருக்காவது நெஞ்சு வலித்தால்?

நவம்பர் 24
தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. ஒர்க்‌ஷாப் திங்கள்வரை கிடையாது.

நவம்பர் 29
அந்தம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது! பகலில் மட்டும் ஓட்டலாம். கட்டிப்பிடித்து அழுதார், நானும் அழுதேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ராத்திரியைப் பற்றி யோசித்தேன்.

டிசம்பர் 2
கியர்பாக்ஸ் வந்துவிட்டது. மாட்ட இரண்டு நாள் ஆகுமாம். பனிப்புயல் எச்சரிக்கை நாளை சாயங்காலத்திலிருந்து.

டிசம்பர் 3
முன்கூட்டியே வந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மோட்டலில் தங்கச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. சரி, பிக்கப்பில் போகிறோம். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அந்தம்மா அதற்குள் திரும்பி வந்தாக வேண்டும், அதனால் மதியமே கிளம்பணும். பை தயார். குழந்தையின் கார் சீட் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டிக்குள் இருக்கிறது, அது இல்லாமல் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மெக்கானிக் ஃபோனை எடுக்கவில்லை. இவர் நடந்து போயிருக்கிறார்.