சீட்டில் எழுதிய பெயர்

மாதக் கடைசி வாரத்தில் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு மருந்துக்கடையில் அரை மணி நேரம் நின்றால், மருந்து வாங்காத ஒருவர் கவுண்டர் ஓரமாக வந்து நிற்பதைப் பார்க்கலாம். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, அதாவது ரெப். கையில் பை, சட்டைப்பையில் சின்ன டைரி. "அண்ணே, டாக்டர் சீட்டுல நம்ம மாத்திரை இந்த வாரம் எத்தனை ஸ்ட்ரிப் போச்சு? மத்த கம்பெனி எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். தொழிலில் இதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர், அதாவது கடையில் நடக்கும் மருந்துச் சீட்டுத் தணிக்கை. கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்ட் தரும் விற்பனைக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான், அடுத்த மாதம் எந்த மருத்துவரை எத்தனை தடவை பார்ப்பது என்று மேலாளர் முடிவு செய்வார்.

இவ்வளவு உழைப்பும் மருத்துவரின் பேனாவைச் சுற்றியே நடப்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆவது விதிப்படி, அட்டவணை எச் மருந்துக்கு (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடியது) ஒரு பிராண்ட், அதாவது கம்பெனி வைத்த பெயர், எழுதியிருந்தால், அதே மூலப்பொருள் உள்ள இன்னொரு பிராண்டைக் கடைக்காரர் தாமாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுக் களியக்காவிளை தாண்டி வருகிறவர்களுக்கு இதன் கஷ்டம் நன்றாகத் தெரியும். அங்கே எழுதிய பிராண்ட் இங்கே ஸ்டாக் இருக்காது. நாலு கடை ஏறி இறங்க வேண்டும். சீட்டில் மூலப்பொருளின் பெயரான மூலப்பெயரையும் எழுதிவிட்டால் இந்த அலைச்சலில் பாதி குறையும்.

விலைக்கு வருவோம். சர்க்கரை நோய் மருந்துகளான மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் தனித்தனியாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. அவற்றுக்கு உச்சவரம்பு விலை உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கினால் அந்தக் கூட்டு மாத்திரை பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். கூட்டு மாத்திரை வசதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரெப்பின் பையில் கூட்டு மாத்திரைகளுக்கு முதலிடம் கிடைப்பதற்கு வசதி மட்டும் காரணம் இல்லை.

மருத்துவர்களுக்குப் பரிசு கொடுப்பதை 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த மருந்துச் சந்தைப்படுத்தல் நெறிமுறை தடுக்கிறது. இலவச சாம்பிளுக்கும் கணக்கு வைத்திருக்கிறது: ஒரு மருத்துவருக்கு ஒரு மருந்தில் ஆண்டுக்கு 12 பொதிக்கு மேல் போகக் கூடாது. நல்ல வரிகள். ஆனால் புகாரை விசாரிப்பது மருந்துத் தயாரிப்பாளர் சங்கத்தின் குழுவே என்பது பெரிய ஓட்டை என்று நினைக்கிறோம்.

'ஜெனரிக் கொடுங்க', அதாவது மூலப்பெயரிலேயே விற்கும் மருந்தைக் கொடுங்க, என்று கேட்டால் மட்டும் விலை குறைந்துவிடாது. சாதாரணக் கடைக்கு வரும் பல ஜெனரிக் ஸ்ட்ரிப்புகளில் அச்சிட்ட விலை அதிகமாகவும் கடைக்காரரின் கொள்முதல் விலை மிகக் குறைவாகவும் இருக்கும். இடைப்பட்ட பணம் கடையில் நின்றுவிடும். மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகத்தில் அச்சிட்ட விலையே குறைவு. மாநில அரசின் முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

பிராண்ட் குழப்பத்தில் உடம்பு கெடுவதுதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது. குளச்சல், முட்டம் பக்கம் அதிகாலையில் வெறும் வயிற்றோடு கடலுக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். டாக்டரை மாற்றியதும் புது பிராண்ட் வருகிறது. வீட்டில் பழைய ஸ்ட்ரிப் மீதி இருக்கிறது. பெயர் வேறு என்பதால் இரண்டையும் போடுகிறார்கள். இரண்டிலும் கிளிமிபிரைடு இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும்: வியர்வை, கை நடுக்கம், மயக்கம். நினைவோடு விழுங்க முடிகிறவர்கள் சர்க்கரை கரைத்துக் கொடுத்ததும் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். ஆனால் இந்த மருந்தின் வேகம் பல மணி நேரம் நிற்கும், திரும்பவும் இறங்கலாம். அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

"மக்களே, அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டித் தா" என்று கேட்கும் பாட்டிக்குக் கடைக்காரர் ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கும்போது, காலாவதித் தேதி உள்ள முனை கடைசிவரை மிஞ்சும்படி மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும். வெட்டிய துண்டில் மூலப்பெயர் தெரியவில்லை என்றால் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் தேதியையும் கவரில் தமிழில் எழுதிக் கொடுங்கள். புதுச் சீட்டோடு வருகிறவரிடம் பழைய ஸ்ட்ரிப்பையும் எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, அவற்றில் உள்ள மூலப்பெயரை வாசித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும்.