தராசு அனுப்பிய கடிதம்

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் மழை பிடித்தால் இணையம் படுத்துக்கொள்வது வழக்கம். அன்றும் லைன்தான் என்று நினைத்தேன். "தம்பி, நேத்திலிருந்து கொழும்புக்குக் கொழுந்துக் கணக்குப் போகலையாம். தொர சத்தம் போடுறாரு" என்று ஸ்டோர் கிளாக்கரையா கோல் எடுத்தார்.

லைன் நன்றாகவே இருந்தது. எங்கள் மெயில் சர்வரின் லொக்கை, அதாவது நடவடிக்கைப் பதிவைப் பார்த்தால், தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் தராசுக் கணினி வருகிறது, கணக்கு மெயிலை, அந்தக் கடிதத்தைக் கொடுக்கிறது, பிறகு இரண்டு பக்கமும் சும்மா நிற்கின்றன. 5 நிமிடத்தில் சர்வர் தொடர்பை வெட்டிவிடுகிறது.

மெயில் பரிமாற்றத்தில் ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் என்ற, கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரிமுடிவுக் குறிகளோடு முடியவேண்டும். 1982லிருந்தே அதுதான் விதி. தனி வரியில் ஒரு புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது. தராசு மென்பொருளோ எல்எஃப் மட்டும் அனுப்புகிற ஆள். எங்கள் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் இத்தனை நாள் அதையும் ஏற்றது. நான் அதை 3.9 பதிப்புக்கு மாற்றிய இரவிலிருந்து, புள்ளிக்கு இருபுறமும் முழு ஜோடி வரும்வரை காத்துக்கிடக்கிறது.

அந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் ‘எஸ்எம்டிபி ஸ்மக்லிங்’ என்ற, ஒரு மெயிலுக்குள் இன்னொன்றைக் கடத்தும் தாக்குதல் வெளியானது. அனுப்பும் சர்வர் எல்எஃப்-புள்ளி-எல்எஃப்பைச் சாதாரண எழுத்தென்று கடத்திவிடும். வாங்கும் சர்வர் அதையே முடிவென்று எடுத்து, அடுத்து வருவதை இன்னொரு கடிதமாக்கும். அதில் அதே சர்வரில் உள்ள வேறொருவர் பெயரைப் போடலாம். மெயில் உரிய சர்வரிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் தேறிவிடும். அனுப்பும்போது கறார், வாங்கும்போது தாராளம் என்று இணைய முன்னோடி ஜோன் போஸ்டல் 1980ல் டிசிபி என்ற இணையத் தரவுப் பரிமாற்ற முறைக்கு எழுதிய விதியை ஜூனியர்களுக்கு ஓதியவன் நான். அந்தத் தாராளத்தில்தான் திருடன் புகுந்தான்.

தராசு மென்பொருள்காரர்கள் "வேற எங்கயும் பிரச்சின இல்ல, ஒங்க சர்வர்லதான் பழுது" என்றார்கள். பொய்யில்லை. வேறெங்கும் எல்லாரும் பொறுத்துப்போயிருந்தார்கள்.

கொழுந்துக் கணக்கு நிற்கக்கூடாதே. பழைய தாராளத்தை ஊருக்கே திறந்துவிட சர்வர் அமைப்பில் ஒரு வரி போதும், கையும் முதலில் அங்கேதான் போனது. அடக்கிக்கொண்டு, தராசுக் கணினியின் ஒரே ஐபி முகவரிக்கு மட்டும் விலக்குப் போட்டேன். தராசு அனுப்பும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்து, சிஆர் இல்லாத இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு அவர்களுக்கு அனுப்பினேன். மறுநாள் பின்னேரமே திருத்தம் வந்தது, விலக்கை எடுத்துவிட்டேன்.

அந்தத் தராசு மென்பொருளை எழுதிய பையன் பிறகு பேசினான். "ஆறு வருஷமா இப்பிடித்தாண்ணே போகுது. ஒருத்தர்கூடச் சொல்லலையே?"

2019ல் வேறொரு பழுதைத் தேடும்போதே அந்தத் தனி எல்எஃப் என் கண்ணில் பட்டிருந்தது. மெயில் போய்க்கொண்டிருந்ததால் மூடிவிட்டேன்.

"யாரும் கவனிக்கல போல தம்பி" என்றேன்.