1981-இன் கீபோர்டை யுஎஸ்பியில் பேச வைத்த கதை

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியோடு சேர்ந்து வந்த 83 விசைக் கீபோர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் வளைந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு தினமும் தட்ட வேண்டும் என்று ஆசை.

முதலில் கீபோர்டின் வட்டமான ஐந்து பின் டின் (DIN) பிளக்கில் ஓர் அடாப்டர், அதன்மேல் இன்னொன்று என்று கோத்து யுஎஸ்பியில் செருகினேன். ஓர் எழுத்தும் வரவில்லை. அந்த வகை அடாப்டர் ஒயரைத்தான் இணைக்கும், பேச்சை மாற்றாது. க்யூ விசையை அழுத்தினால் இந்தக் கீபோர்டு ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண் முறையில்) 10 என்று அனுப்பும், விரலை எடுத்தால் 90. யுஎஸ்பிக்கு இந்தப் பாஷை புரியாது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும்.

அந்த வேலைக்கு 5 வோல்ட் புரோ மைக்ரோ என்ற, நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய குட்டி போர்டை எடுத்தேன். அதிலுள்ள ஏடிமெகா 32யு4 சிப்புக்குள்ளேயே யுஎஸ்பி இருக்கிறது.

கீபோர்டின் ஒயரை வெட்ட மனம் வரவில்லை. அதனால் தனியாக ஒரு டின் சாக்கெட் வாங்கி, அதிலிருந்து போர்டுக்கு நான்கு ஒயர்களைப் பற்றவைத்தேன். இங்கேதான் தப்பு நடந்தது. டின் பின்கள் 1, 4, 2, 5, 3 என்று வரிசையாக இருக்கும். நான் பார்த்த படம் சாக்கெட்டின் முன்பக்கம், பற்றவைத்ததோ பின்பக்கம். இடவலம் மாறியதில் 4-ஆம் பின்னின் கிரவுண்டும் 5-ஆம் பின்னின் 5 வோல்ட்டும் இடம் மாறிவிட்டன. நல்லவேளை, கீபோர்டைச் செருகும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இணைப்பு சரியாக இருந்தால் ‘பீப்’ வர வேண்டிய இடத்தில் வரவில்லை. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். இந்தச் சோதனையை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள்.

போர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு டிஎம்கே (TMK) என்பதை எடுத்துக்கொண்டேன். சிக்னலுக்குத் தாளம் போடும் கிளாக் ஒயர் போர்டின் 2-ஆம் பின்னுக்கு, விசையின் எண்ணைக் கொண்டுவரும் டேட்டா ஒயர் 3-க்கு. போர்டின் ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு சட்டென்று இரண்டு முறை தொட்டால் போர்டு 8 விநாடி காத்திருக்கும், அதற்குள் ஃபர்ம்வேரை அனுப்பிவிட வேண்டும். எனக்கு மூன்றாவது தடவைதான் கைகூடியது. அப்புறம் கீபோர்டைச் செருகி க்யூவைத் தட்டினேன். திரையில் க்யூ வந்தது. மறுபடி மறுபடி தட்டிக்கொண்டே இருந்தேன்.

இதில் எஃப்11, எஃப்12 கிடையாது. ஸ்பேஸ்பாருக்கு வலப்பக்கம் இருக்கும் கேப்ஸ் லாக்கை லேயர் விசையாக்கினேன், அதாவது அதைப் பிடித்திருக்கும்வரை மற்ற விசைகளுக்கு வேறு வேலை தரலாம். அதை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது ஓரத்து எஃப்1, எஃப்2-ஐத் தட்டினால் எஃப்11, எஃப்12 வந்துவிடுகின்றன.