டி.சி. கடைசியில்: சிறப்புக் குழந்தைக்கு வீட்டுக் கல்வி

அரசுப் பள்ளி ஒத்துவரவில்லை என்றதும் பல பெற்றோர் முதல் வேலையாக டி.சி. வாங்கிவிடுகிறார்கள். பெயர் நீங்கினால் பள்ளி வழியாக வரும் சிறப்பாசிரியர், பிசியோதெரபி, உதவித்தொகை எல்லாம் கேள்விக்குறிதான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மதிப்பீட்டு அறிக்கை, தெரபி குறிப்புகள் கையில் சேர்ந்தபின் டி.சி.யை யோசியுங்கள்.

கடுமையான குறைபாடோ ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடோ இருந்தால் டி.சி.யே தேவைப்படாது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் வீட்டுவழிக் கல்வியை உரிமையாகவே தருகிறது. உங்கள் வட்டாரத்தில் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது, ஆள் மாறியதும் காற்றோடு போய்விடும். சிறப்பாசிரியர் தினமும் வீட்டுக்கு வருவார் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கு, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுதும் தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், ஒவ்வொன்றாகவும் எழுதலாம், ஐந்து ஆண்டுக்குள் 9 வாய்ப்பு. கணக்கும் அறிவியலும் கட்டாயமில்லை. மனையியல், ஓவியம் எடுக்கலாம். பாலிடெக்னிக் ஆசை இருந்தால் மட்டும் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிடக் கூடாது. சொல்வதை எழுதுபவர், மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைத் தேர்வு நெருங்கும்போது கேட்டால் அலைச்சல்தான். சேரும்போதே மாற்றுத்திறனாளிச் சான்றிதழை இணைத்துவிடுங்கள்.

வீட்டில் முதல் இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். உங்கள் பிள்ளை எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், எத்தனை நிமிடம் உட்காருகிறான் என்று நோட்டில் குறித்துவையுங்கள். ஏழு நிமிடம் உட்காருபவனுக்குப் பாடம் ஐந்து நிமிடம். எழுந்து ஓடியபின் நீங்கள் முடித்தால், ஓடினால் பாடம் நிற்கும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.

சட்டைப் பொத்தான் போடுவதும் பாடம்தான், அதுவும் பெரிய பாடம். அப்பாவின் பழைய சட்டையை மேசையில் விரித்து, கடைசிப் பொத்தானை நீங்களே பாதி நுழைத்துவிடுங்கள். இழுப்பது மட்டும் அவன் வேலை. அது கைவந்தபின் நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள். பிறகு அதற்கு முந்திய பொத்தான். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி அவனுக்குக் கிடைக்கும். உடுத்திய சட்டையில் குனிந்து பார்த்துப் போடுவது அதைவிடக் கடினம். அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளிதோறும் அந்த வாரம் செய்த ஒரு தாளில் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். திரும்பப் பள்ளியில் சேர்த்தால், எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்கு அது சொல்லும்.